நிமிர்ந்து நின்றவனின் அப்பீல்

இன்று பின்னேரம் வெள்ளவத்தை ஸ்ரேசனில் இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்து வந்தேன். ரயில்வேக்காரர் கரையோரப் பற்றைகளை வெட்டிக் குவித்திருந்தார்கள். தாழையும் நாயுண்ணியும் எருக்கலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எருக்கலங் கிளைகளில் இருந்து பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. கடலின் உப்பு வாசத்தையும் மீறி அந்தப் பச்சைக் கசப்பு மணம் மூக்கில் ஏறியது. குனிந்து, பூச்சி அரிக்காத அகலமான இலைகளாகத் தேடி ஒரு பிடி பறித்தேன். பறித்த பிறகுதான், கொண்டுபோய்க் கொடுக்க நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எறியவும் மனம் வரவில்லை. இதை எழுதும் மேசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில், அவை வாடிக்கொண்டு கிடக்கின்றன.

சனிக்கிழமை தவறாமல் இந்த இலைகளை உனக்குக் கொண்டுவந்தேன். கொட்டாஞ்சேனையில் கோயிலும் கிட்டங்கியும் இருக்கின்றன, எருக்கலை இல்லை. இலையை வேப்பெண்ணெய் பூசி, சூடான ஓட்டில் வாட்டி, உன் மனைவி இராசம் உன் இடுப்பில் வரிசையாக வைத்துக் கட்டுவாள். நீ தலையணையைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பாய். ஒருநாள் ட்ராமில் ஒரு கிழவர் என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்து, “என்ன தம்பி, பிள்ளையாருக்கோ?” என்று கேட்டார். “ஓம் ஐயா, கொட்டாஞ்சேனையிலை குப்புறக் கிடக்கிற பிள்ளையாருக்கு” என்றேன். அதை உன்னிடம் வந்து சொன்னபோது சிரித்தாய். சிரிப்புப் பாதியிலேயே முகம் கோணியது.

“சிரிக்கப் பண்ணாதை மச்சான். சிரிப்பு நேரா இடுப்புக்குத்தான் போகுது.”

நீ படையில் சேரப் போகிறேன் என்று வந்து சொன்ன நாளில் நான் உன்னைத் திட்டினேன். கோட்டையில் நீ வேலை பார்த்த கொம்பனி ஆட்களைக் குறைத்திருந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவனுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. “வெள்ளைக்காரன்ர சண்டைக்குள்ளை நீ ஏன்ரா போய் விழுறாய்?” என்று கேட்டேன். “இஞ்சை சம்பளம் இல்லாமல் சும்மா இருக்கிறன். அங்கை போய்ச் சம்பளத்தோடை சும்மா இருப்பம்” என்றாய். உன்னைச் சும்மா இருக்க விடுவார்கள் என்று நம்பிப் போனாய். எகிப்தில் ஒரு துறைமுகத்தில் விட்டு, கப்பலில் வந்த பெட்டிகளை லொறியில் ஏற்ற வைத்தார்கள். துவக்கைத் தூக்கியதைவிடப் பெட்டியைத் தூக்கியதுதான் கூட என்று நீயே சொல்வாய்.

அந்தப் பெட்டியின் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் பிடித்த ஷெல் குண்டுப் பெட்டி. மற்றவனுடைய சப்பாத்து எண்ணெயில் வழுக்கியது. பாரம் முழுவதும் உன் பக்கம் சரிந்தது. நீ விட்டிருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் நீ விடவில்லை. ஆட்கள் ஓடிவரும்வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாய். இடுப்புக்குள் ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாய்.

இதிலே நான் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத பகுதி அடுத்த நாள் காலையில்தான் இருக்கிறது. வருத்தக்காரர் எல்லாரும் காலையில் தனி வரிசையில் நிற்க வேண்டும். டொக்டர் பார்த்துப் புத்தகத்தில் பதிவார். மற்ற ஆட்கள் அந்த வரிசையைப் பார்த்து ஊளையிடுவார்கள். சிலோன்காரன் சோம்பேறி, வருத்தம் என்று சொல்லி வேலைக்கு ஒளிக்கிறவன் என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. ஆகவே நீ அந்த வரிசையில் நிற்கவில்லை. காலி ஊர்ப் பெடியன் ஒருவன் உனக்குச் சப்பாத்து மாட்டி விட, வேலை வரிசையில் போய் நின்றாய். அடுத்த நாளும் அப்படித்தான். ஊர் மானத்தை இடுப்பில் தாங்கினாய். ஊர் அதை உன்னிடம் கேட்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பி வந்து, கதிரையில் இருக்க முடியாமல், படியேற முடியாமல் போனபிறகுதான் பென்சனுக்கு எழுதினாய். பதில் அழகாக வந்தது. படைப் பதிவுகளில் உனக்குக் காயம் பட்டதாகவோ நோய் வந்ததாகவோ ஒரு குறிப்பும் இல்லை என்றும், முள்ளந்தண்டில் காணப்படுவது வயதினால் வந்த தேய்மானம் என்றும் எழுதியிருந்தார்கள். உனக்கு நாற்பது வயது நிறையவில்லை.

அந்தக் கடிதத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ சுவரில் சாய்ந்து நின்று கேட்டாய். உனக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் என் வாயால் கேட்க விரும்பினாய். முடிந்ததும், “காசு கிடக்கட்டும். இது அங்கை முறிஞ்சதுதான் எண்டு அவங்கள் ஒருக்கா எழுதித் தரவேணும். அது காணும்” என்றாய். அடுப்படியில் இருந்து இராசம் எட்டிப் பார்த்து, “காசும் வேணும் அண்ணை. அதையும் சேர்த்து எழுதுங்கோ” என்றாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

அவர்கள் எழுதித் தரவேண்டும் என்று நீ ஏன் ஆசைப்பட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். இராசத்தின் தமையன். காலி வீதியில் சுருட்டுக்கடை வைத்திருக்கிற அந்தப் பெரிய மனிதர். உன் வீட்டு வாசலில் நின்று, நீ கேட்கத்தக்கதாக அவர் சொன்னது இது: “இடுப்பு நோ எண்டும் ஒரு வருத்தமே பிள்ளை? வண்டில் மாட்டுக்கும்தான் இருக்கு. அது பென்சன் கேக்குதே?” வெளியில் காயமில்லை, கட்டில்லை, காலும் கையும் அதனதன் இடத்தில் இருந்தன. முறிந்தது எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். உன்னை நம்புவதற்கு உன் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது. அதை நம்ப உன் சொந்தத்துக்குள்ளேயே ஆளில்லை.

முதல் அப்பீலை நான் எழுதினேன். கந்தோரில் என் வெள்ளைக்காரத் துரைமாருக்கு இருபது வருஷமாகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் இலக்கணம் கேட்டுப் படித்த பெடியன் இப்போது எனக்கு மேலே இருக்கிறான். அந்த ஆங்கிலத்தை ஒருதரமாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பாவித்தேன் என்று நினைத்தேன். அதன் பிறகு பென்சன் கந்தோரில் இருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நீ ஏதாவது வேலை செய்கிறாயா என்று தெரிந்துகொள்ள உறவினரைக் கேட்டிருக்கிறார். நேரே சுருட்டுக்கடைக்குப் போயிருக்கிறார். உன் மைத்துனருக்குத் தங்கையின் புருஷன் ஒன்றுக்கும் ஏலாமல் வீட்டில் கிடக்கிறான் என்று ஓர் அந்நியனிடம் சொல்ல வெட்கம். “அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கடை கடையையும் அவர்தான் பார்க்கிறவர்” என்று சொல்லி, சோடாவும் உடைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் உன்னை நடிகன் என்றவர், வெளியாளிடம் உன்னை உழைப்பாளி ஆக்கினார். குடும்ப மானம் என்றால் இதுதான். அப்பீல் தள்ளுபடியாயிற்று. அதற்குப் பிறகு அவரோடு நான் கதைப்பதில்லை. உன் செத்த வீட்டில் எனக்கும் ஒரு சோடா நீட்டினார். நான் வாங்கவில்லை.

மறுபடியும் எழுதினேன். இந்தத் தரம் ஒரு கதவு திறந்தது. புதிய மெடிக்கல் போர்ட் உன்னைப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. போர்டுக்கு முதல் நாள் உன் வீட்டுக்கு வந்து உனக்குப் பாடம் சொன்னேன்.

“நாளைக்குச் சவரம் செய்யாதை.”

“ஏன்?”

“வருத்தக்காரன் மாதிரி இருக்கவேணும். பொல்லை ஊண்டிக்கொண்டு போ. குனியச் சொன்னால் ஏலாது எண்டு சொல்லு. இண்டைக்கு எப்பிடி எண்டு கேட்டால், மோசமான நாளை நினைச்சுக்கொண்டு மறுமொழி சொல்லு.”

“இண்டைக்கு மோசமில்லையெண்டால்?”

“டேய், நீ என்ன அரிச்சந்திரனே?”

“பிச்சைக்காரன் மாதிரிப் போகச் சொல்லுறாய்.”

“ஓம். அப்பிடித்தான் போ. அவங்களுக்கு அது விளங்கும்.”

இராசமும் என் பக்கம்தான் கதைத்தாள். “அண்ணை சொல்லுறதைக் கேளுங்கோவன்” என்றாள். நீ தலையாட்டினாய். நான் நம்பிக்கொண்டு ரயிலேறினேன்.

காலையில் வந்து பார்த்தால், நீ மழித்த முகத்தோடு, இஸ்திரி போட்ட உடுப்போடு, நெஞ்சில் படைப் பதக்கப் பட்டி குத்திக்கொண்டு நிற்கிறாய். சப்பாத்து மினுங்குகிறது. இராசம் தலையைக் குனிந்துகொண்டு, “இடுப்பைச் சுத்திக் கட்டச் சொன்னவர், கட்டினனான்” என்றாள். தன் பழைய சீலையைக் கிழித்து, மூச்சு முட்டும்படி உன் இடுப்பைச் சுற்றி இறுக்கியிருந்தாள். அந்தக் கட்டு இல்லாமல் நீ நின்றிருக்க மாட்டாய். சட்டைக்கு மேலே அது தெரியவில்லை.

கோட்டைப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். வெளி விறாந்தையில் வாங்கு போட்டிருந்தார்கள். உன்னால் இருக்க முடியாது. தூணில் சாய்ந்து நின்றாய். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. அந்த நேரத்தில் உன்னை அவர்கள் வந்து பார்த்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அரைக்கதவைத் திறந்து ஒரு படைச் சார்ஜன்ட் உன் இலக்கத்தையும் பெயரையும் உரத்துக் கூப்பிட்டான்.

உன் உடம்பு உன்னைக் கேட்காமலே நிமிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தோள் விரிந்தது, நாடி உயர்ந்தது, குதிகால்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பொல்லை என் கையில் தந்து, “இதைப் பிடி” என்றாய். பிறகு அணிவகுப்பில் நடக்கிறவன் மாதிரி உள்ளே போனாய்.

அரைக்கதவு என்பதால் எல்லாம் கேட்டது. உள்ளே ஒரு வெள்ளைக்கார டொக்டர். வயது போன குரல், மென்மையான குரல். முதலாவதாக அவர் கேட்டது நோவைப் பற்றியல்ல. எப்படி இருக்கிறாய், அப்பனே, என்றுதான் ஆங்கிலத்தில் கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். காலையில் பள்ளிக்கூடத்துப் பெரிய துரை வந்து வகுப்பு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பார். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் மறுமொழி சொல்லும். காய்ச்சலோடு நின்றவனும் அதைத்தான் சொன்னான், பசியோடு வந்தவனும் அதைத்தான் சொன்னான். அந்தக் கேள்விக்கு உலகத்தில் வேறு மறுமொழி இருப்பதாக எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

“வெரி வெல், தாங்க் யூ, சேர்.”

உன் குரல் விறாந்தைவரைக்கும் தெளிவாக வந்தது. உன் பொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் வாங்கில் இருந்தேன். உள்ளே பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. குனியச் சொன்னார்கள், குனிந்தாய். நிமிரச் சொன்னார்கள், நிமிர்ந்தாய். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாய். கதவு மூடியதும் தூணைப் பிடித்தாய். சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்து, உள்ளே இருந்த சீலைக் கட்டு தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அதைப் பார்க்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

ரிக்‌ஷாவில் உன்னை ஏற்ற நானும் ரிக்‌ஷாக்காரனும் பட்ட பாடு. அவன் சிங்களத்தில், “மாத்தையாவை ஆஸ்பத்திரிக்கோ?” என்று கேட்டான். புதியவன் ஒருவன் ஒரு பார்வையிலே கண்டுகொண்டதைப் போர்டுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டு வந்தாயே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“என்னடா சொன்னனி உள்ளை?”

“கேட்டவன். மறுமொழி சொன்னன்.”

“சுகமா இருக்கிறன் எண்டு சொல்லவே உனக்குப் போர்ட் வைச்சது? விசரே உனக்கு?”

வண்டி ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் கண்ணை மூடினாய். கொட்டாஞ்சேனைச் சந்தி வந்தபிறகுதான் வாயைத் திறந்தாய்.

“அவன் நல்ல மாதிரிக் கேட்டவன் மச்சான். முகத்தைப் பார்த்துக் கேட்டவன். இவ்வளவு நாளிலை ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை. எல்லாரும் இடுப்பைத்தான் கேக்கிறியள்.”

அதைக் கேட்டும் என் கோபம் குறையவில்லை. இலை சுமந்தவன் நான், கடிதம் எழுதியவன் நான், லீவு போட்டு வாங்கில் இருந்தவன் நான். ஒருவார்த்தை பிரியமாகக் கேட்டுவிட்டு உன்னை வெறுங்கையோடு அனுப்பியவன் நல்லவனா? இந்தக் கேள்வியை அன்றைக்கு வாய்க்குள் வைத்து மென்றேன். இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

முடிவு வந்தது. விண்ணப்பதாரர் உதவியின்றி நடந்து வந்தார். கட்டளைக்கு நிமிர்ந்து நின்றார். தாம் நலமாக இருப்பதாகத் தாமே கூறினார். ஒரு வரியும் பொய்யில்லை. அந்தக் கடிதத்தில் நான் வெறுப்பது அதைத்தான். பொய் என்றால் மறுத்து எழுதியிருப்பேன்.

இன்னும் ஒரு படி மிச்சம் இருந்தது, கடைசி அப்பீல். அதையும் எழுதினேன். பொல்லை வெளியே விட்டுப் போனதை எழுதினேன், சீலைக் கட்டை எழுதினேன், மிஷன் பள்ளிக்கூடத்தையும் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடத்தை வெட்டு. சிரிப்பாங்கள்” என்றாய். வெட்டினேன். பிறகு காத்திருந்தோம். அவர்களுக்கு அவசரமில்லை. சண்டை முடிந்துவிட்டது. வெற்றி ஊர்வலமும் முடிந்துவிட்டது. இப்போது அவர்கள் நாட்டையே விட்டுப் போகப் போகிறார்களாம். எங்கள் ஆட்கள் யாருக்கு எந்த மந்திரிப் பதவி என்று கணக்குப் பார்க்கிறார்கள். முறிந்த இடுப்புகளை யார் பொறுப்பெடுப்பது என்று எந்த மேடையிலும் ஒருவன் கேட்டு நான் காணவில்லை.

இதற்கிடையில் நீ நிற்கவும் முடியாமல் ஆனாய். குப்புறப் படுத்தே நாள் போனது. மழைக்காலம் வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சணம். முதலில் இருமல், பிறகு சுரம். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. “இடுப்பு நோவாலை ஒருத்தரும் சாகிறேல்லை” என்று தெருமுனை டொக்டர் எனக்கு ஆறுதல் போலச் சொன்னார். இடுப்பு நோவால் படுத்தவன் படுத்தபடியால் செத்தான் என்பதை எந்தப் பத்திரத்தில் எழுதுவது? மரணச் சான்றிதழில் நெஞ்சுச் சளி என்றுதான் இருக்கிறது. அங்கேயும் உன் இடுப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமையில் கடைசி அப்பீலுக்கு விசாரணை நாள் குறித்துக் கடிதம் வந்தது. நீ நேரில் வரவேண்டுமாம்.

இராசம் அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தாள். வெள்ளைச் சீலையில் அவளைப் பார்க்கப் பழகாத கண் எனக்கு. “இதுக்கு என்ன எழுதுறது அண்ணை?” என்றாள். இந்த மேசையில்தான் எழுதினேன். விண்ணப்பதாரர் இறந்துவிட்டார், ஆகவே சமூகமளிக்க மாட்டார். அவ்வளவுதான். அரசாங்கத்துக்குப் போகிற கடிதங்களின் கடைசியில், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனாக இருக்கும் கௌரவம் எனக்கு உண்டு என்று ஒரு நீண்ட வரி வரும், உனக்குத் தெரியும். என் வாழ்நாளில் அந்த வரி இல்லாமல் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இதில் அதை எழுதவில்லை. உனக்காக நான் செய்யக்கூடிய ஒரே மரியாதைக் கேடு அது. அதை வேண்டுமென்றே, சந்தோஷத்தோடு செய்தேன்.

கையெழுத்து வைக்கக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடிதத்தைக் கையில் எடுத்து மேலும் கீழும் பார்த்தாள்.

“இது கட்டையாக் கிடக்கு அண்ணை. முந்தின எல்லாத்திலையும் கீழை ரண்டு வரி தனிய வரும். இதிலை இல்லை.”

“அது தேவையில்லை தங்கச்சி.”

“தேவையில்லாட்டி முந்தி ஏன் எழுதினனியள்?”

“அது சும்மா ஒரு மரியாதைக்கு.”

அவள் கடிதத்தை என் முன்னால் திரும்ப வைத்தாள். “அப்ப எழுதுங்கோ. அவர் இருக்கேக்கை எழுதினதை அவர் போனாப்பிறகு விட்டால் அவருக்குத்தானே குறை. அவரின்ரை வீட்டிலை இருந்து மரியாதை தெரியாத கடிதம் போனது எண்டு இருக்கக்கூடாது.”

எழுதினேன். என் கையெழுத்திலேயே ஆக அழகான கையெழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே உன் மனைவி தமிழில் தன் பெயரை எழுதினாள். இரண்டு வார்த்தை அனுதாபத்தோடு கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. உன் இடுப்பு எங்கே முறிந்தது என்று அவர்கள் கடைசிவரை எழுதவில்லை.

அந்தக் கீழ்ப்படிவுள்ள ஊழியன் வரி உள்ளே கிடந்து அறுக்கிறது. மைத்துனரின் சோடாவைவிட, போர்டின் பேனையைவிட, அதுதான் கூட அறுக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு வேறு இடமில்லை. அதனால்தான் வாடுகிற இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை உனக்கு எழுதுகிறேன். இன்று காலை கந்தோர்ப் படியில் பெரிய துரை என்னைக் கண்டு, எப்படி இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் குதிகால் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தன. நீ சொன்னபோது விசர் என்று நான் திட்டிய அதே மறுமொழி என் வாயில் இருந்து வந்தது. அவர் திருப்தியோடு படி ஏறிப் போனார்.

ஆகவே மற்றதை உனக்குத்தான் சொல்லவேண்டும். இந்த மடலின் கீழே அந்த வரி இல்லை. எனக்குச் சுகமில்லை, மச்சான்.